டியூனில் பெய்யக்கூடாத மழை
ஒரு நாவலைப் படமாக்கும்போது அதில் கைவைத்தாலே ரசிகர்களுக்குக் கோபம் வந்துவிடும் என்று சொல்வது பாதிதான் சரி. 'டியூன்' (1965) என்ற அறிவியல் புனைகதை நாவலையே பாருங்கள். அதை வைத்து 1984இல் வந்த படத்தின் முடிவில், கதை நடக்கும் பாலைவனக் கோளான அராக்கிஸில் மழை கொட்டுகிறது. அங்குள்ள மணற்புழுக்களுக்குத் தண்ணீர் விஷம். புழு செத்தால், அதனால் உண்டாகும் ஸ்பைஸ் என்ற அரிய பொருள் கிடையாது. ஸ்பைஸ் இல்லாவிட்டால் விண்வெளிப் பயணமே நின்றுபோகும். கதையின் அச்சாணியே கழன்றுவிடுகிறதே! வாசகர்கள் இன்றும் அதைச் சொல்லிக் குறைபடுவது நியாயம்தான்.

நாவலைப் புதிதாக எடுத்த படவரிசையில், 2024இல் வந்த இரண்டாம் பாகத்தில் மாற்றம் இன்னும் பெரிது. நாவலில் வில்லன் பரோன் ஹார்கோனனை நச்சூசியால் கொல்வது, கதாநாயகன் பாலின் தங்கையான சிறுமி ஆலியா. படத்தில் அவள் இன்னும் பிறக்கவே இல்லை, பால்தான் கொல்கிறான். ஆண்டுக்கணக்கில் நீளும் கதையை ஒன்பது மாதத்துக்குள் சுருக்கியதன் விளைவு இது. ஆனாலும் அந்த உலகத்தின் விதி எதுவும் உடையவில்லை. படத்தின் முடிவில் பாலின் காதலி சானி கோபித்துக்கொண்டு கிளம்புவதுதான் எனக்கு நெருடல். அடுத்த நாவலில் அவள் பாலுடன்தானே இருக்கிறாள்?