அந்த வாய் அவளுடையது

ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பந்தியில் எடுக்கப்பட்ட அந்தக் காணொளியை நம் சொந்தங்களில் பார்க்காதவர் இனி யாரும் இருக்க மாட்டார்கள். மூன்று வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக எனக்கே அது திரும்பி வந்துவிட்டது. அதில் அழுகிற குழந்தை என் மகள். அவளுடைய மூக்கைப் பிடித்து, மூச்சுக்காக வாய் திறந்த நொடியில் பீன்ஸ் பொரியலைத் திணிக்கும் கை யாருடையது என்பதும் உங்களுக்குத் தெரியும். இங்கே பெயர் சொல்ல நான் விரும்பவில்லை. "ரெண்டே நிமிஷத்துல தின்ன வெச்சுட்டேன், பெத்தவளுக்கு நாலு வருஷமா முடியல" என்று அதில் கேட்கும் குரலுக்கும், அதன் கீழே வந்து விழுந்த சிரிப்புப் பொம்மைகளுக்கும் மூன்று நாட்களாகப் பதில் சொல்லாமல் இருந்தேன். பெரியவர்கள் என்ற மரியாதைக்காகத்தான் இருந்தேன். இன்று சொல்லிவிடுகிறேன். அது ஊட்டுவது அல்ல, திணிப்பது.

காணொளி தொடங்குவதற்குச் சற்று முன்னால் நடந்ததை நீங்கள் யாரும் பார்க்கவில்லை. நான் பக்கத்து இலையில்தான் இருந்தேன். என் மகளுக்கு மறுபக்கம் அவளைவிட ஒரு வயது பெரிய அவளுடைய அத்தை மகன் உட்கார்ந்து, பொரியலை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தான். இவள் அவன் இலையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் இலையில் இருந்த பொரியலை ஆள்காட்டி விரல் நுனியால் தொட்டு, ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. நான் அவளைப் பார்க்காததுபோல ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன், பார்த்தால் கையை எடுத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். பீன்ஸை அவள் தானாகத் தொட்டது அதுதான் முதல் முறை. அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து அந்தக் கை வந்தது.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது பெரும்பாலான குழந்தைகளிடம் காணப்படும் இயல்பு. கசப்பு அவர்கள் நாக்கில் பெரியவர்களைவிடக் கூடுதலாக உறைக்கிறது. பிறந்த எடையைப் போல மூன்று மடங்காக முதல் ஆண்டிலேயே ஆகிவிடுகிற குழந்தை, இரண்டு வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கிலோதான் கூடுகிறது என்பதால், பசியும் அதற்கேற்பக் குறைந்துவிடுகிறது. "முன்னெல்லாம் நல்லாச் சாப்பிட்டது, இப்பதான் இப்படி" என்று எல்லா வீடுகளிலும் சொல்வதற்குக் காரணம் இதுதான். இதில் தாயின் வளர்ப்பு எங்கே கெட்டுப்போனது?

ஒரு காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறை வரை அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். நம் வீடுகளில் மூன்றாவது முறையோடு "இவளுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம், அல்லது கையை ஓங்கிவிடுகிறோம். எங்கள் வீட்டு நாள்காட்டியில் பீர்க்கங்காய் செய்த நாட்களை நான் சிறு புள்ளியாகக் குறித்து வந்திருக்கிறேன். பதினோரு புள்ளிகள் வரை அவள் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். பன்னிரண்டாவது நாள் பருப்போடு சேர்த்து ஒரு துண்டை மென்றாள், விழுங்கவும் செய்தாள். பத்து மாதத்தில் அப்படி வந்த காய்கள் மூன்று: பீர்க்கங்காய், அவரைக்காய், கேரட். அவரைக்காய் வந்தது நார் உரிக்கும் வேலையை அவளிடம் கொடுத்ததால். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, காம்பைக் கிள்ளி, ஓரத்து நாரை முழு நீளத்துக்கு இழுத்து எடுத்து, "அம்மா, நூல்" என்று காட்டுவாள். அவள் உரித்த காய் என்பதால் தட்டில் அதற்கு ஓர் உரிமை வந்துவிட்டது. இந்த மூன்றும் நான்கு வயதுக் குழந்தைக்குச் சின்ன எண்ணிக்கை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஒன்றைக்கூட நான் திணிக்கவில்லை.

திணித்தால் என்ன ஆகும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல. என் அப்பா ஒட்டன்சத்திரத்தில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதியவர். கேரளாவுக்கு லாரி லாரியாகக் காய் போகிற ஊரில், சந்தையில் மிஞ்சியதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும், அதிலும் கத்தரிக்காய் மூட்டையாக வரும். எனக்கு ஆறு வயதிருக்கும்போது, கத்தரிக்காய்க் கூட்டைத் தொடாத குற்றத்துக்காக, தட்டைக் காலி செய்யும் வரை எழுந்திருக்கக் கூடாது என்று உட்காரவைத்தார்கள். மதியம் வைத்த தட்டு அது. விளக்கு வைக்கும் நேரத்தில் ஆறிப்போய், மேலே ஏடு படிந்து, விதைகள் கறுத்துக் கிடந்தன. கடைசியில் யாரோ வாயைப் பிளந்து ஊட்டினார்கள், நான் ஓங்கரித்து அந்தத் தட்டிலேயே வாந்தி எடுத்தேன். எனக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. வீட்டில் மற்றவர்களுக்காகக் கத்தரிக்காய் நறுக்குகிறேன், குழம்பு வைக்கிறேன், ஆனால் அந்த ஈர விதையின் வாடை மூக்கில் ஏறினால் இன்றும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. என்னைத் திருத்துவதாக நினைத்தவர்கள் ஒரு காயை என்னிடமிருந்து வாழ்நாளுக்கும் பறித்துவிட்டார்கள்.

"நாங்கள் எல்லாம் அடி வாங்கித் தின்று வளரவில்லையா?" என்று கேட்பீர்கள். வளர்ந்தீர்கள், நானும் வளர்ந்தேன். எதை வைத்து வளர்ந்தோம், எதைச் சுமந்துகொண்டு வளர்ந்தோம் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

"இரத்தசோகை வந்தால் என்ன செய்வாய்?" என்று ஒருவர் குழுவில் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது, எனக்கும் அந்தப் பயம் உண்டு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றில், ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்ததாக வந்தது. அதனால்தான் மகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறேன், குடற்புழு மாத்திரையைத் தவறவிட்டதில்லை, எடையையும் உயரத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். அவளுக்குக் குறை ஏதும் இல்லை. இருந்திருந்தால் மருத்துவரிடம் இரும்புச்சத்து மருந்து வாங்கிக் கொடுத்திருப்பேன். மூக்கைப் பிடித்துத் திணித்த ஒரு கைப்பிடி பீன்ஸில் இரத்தம் ஊறிவிடப் போவதில்லை. அழுதுகொண்டு மூச்சு வாங்கும் குழந்தையின் வாயில் உணவைத் திணித்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும் என்பது இரத்தசோகையைப் பற்றிக் கவலைப்பட்டவர்களில் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை?

"செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்" என்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அவள் கேட்டதை எல்லாம் நான் சமைப்பதில்லை. என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதெல்லாம் என் முடிவு. தின்பதா, எவ்வளவு தின்பது என்பது அவள் முடிவு. எல்லன் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் வகுத்த முறை இது. காய் தின்றால் ஐஸ்கிரீம் தருகிறேன் என்று பேரம் பேசுவதையும் நான் விட்டுவிட்டேன், அதில் ஐஸ்கிரீமின் மதிப்புதான் ஏறுகிறது. கைப்பேசியைக் காட்டி ஊட்டிய மாதங்களும் எனக்கு உண்டு, அதை மறைக்கவில்லை. அப்போது அவள் எதைத் தின்றாள் என்பது அவளுக்கே தெரியாது என்று புரிந்த நாளில் நிறுத்தினேன்.

லீஆன் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு காயை விரும்பாத சிறு குழந்தையை, அதை விரும்பித் தின்னும் குழந்தைகளோடு சில நாட்கள் சேர்த்து உட்காரவைத்தபோது, அதுவும் அந்தக் காயை எடுக்கத் தொடங்கியது. 2006-இல் அவரும் சேர்ந்து வெளியிட்ட இன்னோர் ஆய்வில், "சூப்பைக் குடித்து முடி" என்று வற்புறுத்தப்பட்ட குழந்தைகள் வற்புறுத்தாதபோது குடித்ததைவிடக் குறைவாகவே குடித்தார்கள். இதைச் சொல்லித்தர அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, நம்மிடம் பந்தி இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே உணவு, எல்லோரும் ஒரே வரிசை, யார் இலையையும் யார் கண்ணும் தொடலாம். என் மகள் அன்று அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் போதும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். அந்தப் பந்தியில் என் கணவரும் நான்கு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். குழந்தை ஏன் காய் தின்னவில்லை என்று அவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. "வேலைக்குப் போறவ, எங்க பொறுமையா ஊட்டப் போறா" என்று என் காதில் விழும்படி சொன்னவர்களுக்கு, காலை ஐந்தரை மணிக்கு எழுந்து நான் நறுக்குகிற காயும், அவள் தொடாமல் விட்டதை மாலையில் ஒன்றும் சொல்லாமல் நானே தின்று முடிப்பதும் எப்படித் தெரியும்? பிள்ளை குண்டாக இருந்தால் அப்பா வீட்டு உடம்பு, ஒல்லியாக இருந்தால் அம்மா சமையல் என்று எத்தனை நாளைக்குச் சொல்வீர்கள்? நீங்கள் என்னைச் சொன்னதைக்கூட நான் மறந்துவிடுவேன். நான்கு வயதுக் குழந்தை கண்ணும் மூக்கும் ஒழுக அழுவதைப் படம் பிடித்து, அவளுக்குத் தெரியாத இருநூறு பேருக்கு அனுப்பியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

திங்கள் காலை அவளுக்குப் பிடித்த பருப்புச் சோற்றை நெய் விட்டுப் பிசைந்து உருட்டி நீட்டினேன். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கை என்று தெரிந்தும் பொத்திக்கொண்டாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டு நான் தள்ளி உட்கார்ந்த பிறகுதான் எடுத்துத் தின்றாள். இன்று வரை அப்படித்தான் சாப்பிடுகிறாள்.

காணொளியை எடுத்தவர்களும் அனுப்பியவர்களும் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அடுத்த மாதம் சின்ன மாமா வீட்டுக் காதுகுத்துக்குக் கட்டாயம் வருவோம். என் மகளுக்கும் தனி இலை போட்டு, எல்லோருக்கும் பரிமாறுவதையே அவளுக்கும் பரிமாறுங்கள். முடிந்தால் அந்த அத்தை மகன் பக்கத்திலேயே அவளை உட்காரவையுங்கள். பொரியல் இலையில் அப்படியே கிடந்தாலும் கிடக்கட்டும், யாரும் கை வைக்க வேண்டாம்.