சிரிப்புக்குள் ஒரு கணக்கு

'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில், ட்ரிபிள்கள் என்னும் பஞ்சுருண்டை போன்ற பிராணிகள் வரும் எபிசோடைப் பார்வையாளர்களில் பாதிப்பேர் கொண்டாடுகிறார்கள், மீதிப்பேர் "அறிவியல் தொடரில் கோமாளித்தனம் எதற்கு" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கொண்டாடுகிற கட்சி.

அந்த எபிசோட் 1967 டிசம்பரில் வந்தது. பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் போன மாதம்தான் பார்த்தோம். விண்கலத்தின் கேப்டன் கிர்க் தானியக் கிடங்கின் கதவைத் திறந்ததும், தின்று கொழுத்த ட்ரிபிள்கள் அவர் தலைமேல் கொட்டுமே, அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர். "நம்ம குதிருக்குள்ள எலி பூந்த கதைதான்டா இது" என்றார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது அவருக்கு.

கோமாளித்தனம் என்பவர்கள், கிர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக் சொல்லும் எண்ணைக் கவனியுங்கள்: 17,71,561. ஒரு ட்ரிபிள் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துக் குட்டி போட்டால், ஒன்று பதினொன்றாகும். மூன்று நாளில் ஆறு தடவை. 11-ஐ ஆறு முறை பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். ஒன்பதாவது படிக்கும் என் மகள் நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத் துள்ளினாள். அடுக்குகளைப் பள்ளியில் படித்தபோது இந்தத் துள்ளல் இல்லை.

அந்த ட்ரிபிள்கள் செத்துக் கிடப்பதை வைத்துத்தான் தானியத்தில் விஷம் கலந்திருப்பதே தெரியவருகிறது. சிரிப்பை எடுத்துவிட்டால் கதையே நகராது. இன்னொரு தடவை பாருங்கள், வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்து.