பால் வடிந்தால் நல்ல காளானா?

"காட்டுக் காளானைக் கீறினால் பால் வடிகிறதா? பயமே வேண்டாம், சாப்பிடலாம்" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு.

பால் வடிவது லாக்டேரியஸ் என்ற காளான் இனத்தின் அடையாளம், அவ்வளவுதான். காம்பை ஒடித்தால் நார் நாராகக் கிழியாமல் சாக்பீஸ் மாதிரி 'டப்'பென்று முறியும். சதையில் உருண்டைச் செல்கள் நிறைந்திருப்பதே காரணம். ஆனால் இந்த இனத்துக்குள்ளேயே நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. பைன் மரத்தடியில் வளரும் லாக்டேரியஸ் டெலிசியோசஸ் கேரட் நிறப் பால் விடும், உண்ணத் தக்கது. பிர்ச் மரத்தடியில் வரும் லாக்டேரியஸ் டார்மினோசஸுக்கோ குடை விளிம்பில் கம்பளிபோல் ரோமம், வெள்ளைப் பால். பச்சையாகத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான்.

பால் வெள்ளையாக இருந்தால் போதும் என்பதும் சரியில்லை. லாக்டேரியஸ் கிரைசோரியஸ் வெள்ளையாகத்தான் வடியும். சில நொடி பொறுத்துப் பாருங்கள், கந்தக மஞ்சளாக மாறிவிடும். அதுவும் உண்ணக்கூடாத வகை.

அப்புறம், வறண்ட நாளில் முற்றிய காளானில் பாலே வராமல் போகலாம். மைசீனா என்ற வேறொரு காளான் இனத்தில் சிலவும் கீறினால் சாறு வடிக்கும். ஆகவே பாலின் நிறம், அது மாறும் விதம், குடை விளிம்பு, பக்கத்து மரம் எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் வகையைச் சொல்ல முடியும். அதுவும் காளானை நேரில் பார்த்துப் பழகியவர் சொன்னால்தான் நான் நம்புவேன்.