டீயில் கலந்த மருந்து

இந்தப் பதிவை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "எழுது. ஆனா போடறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டு" என்றார். படித்துக் காட்டினேன். மூன்று இடங்களில் திருத்தினார். அவர் பெயரையும் எங்கள் தெருவின் பெயரையும் எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். காசிமேடு பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறிக்கிற வேலை. நைனா போனபிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். என் படிப்பு, என் கல்யாணம் எல்லாம் அந்தச் சம்பளத்தில் நடந்தது. 31 வயதில் அவருக்கு நோய் வந்தது. முதலில் தூக்கம் போனது. அப்புறம் எதிர்வீட்டு மாடியில் யாரோ தன்னைப் பற்றியே பேசுவதாகக் காதில் விழ ஆரம்பித்தது. அப்புறம் சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்ற பயம். தட்டை முகர்ந்து பார்ப்பார். குழம்பை முதலில் அம்மா ஒரு வாய் சாப்பிட்டால்தான் அவர் கை வைப்பார். ஒரு ராத்திரி வீட்டில் இருந்த கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் உடைத்தார்.

டாக்டர் ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணன் தொடவே இல்லை. "எனக்கு இன்னா நோவு? எதிர் வீட்டுக்காரனைப் போய் டாக்டராண்ட கூட்டிட்டுப் போ" என்பார்.

அம்மா மட்டும் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போய் அழுதார். அங்கே இருந்த டாக்டர் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தைத் திரவமாக எழுதிக் கொடுத்தார். "நிறம் கிடையாதும்மா. காலையில டீயில கலந்து குடுத்துடுங்க. அவருக்குத் தெரியவே தெரியாது."

14 மாதம் கலந்தோம். நான் "அம்மா கலந்தார்" என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். பாட்டிலை வாங்கி வந்தது நான். தீர்ந்துவிட்டதா என்று போனில் கேட்டது நான். தெருவில் யாருக்கும் தெரியக் கூடாது என்று நாலு தெரு தள்ளி இருக்கும் மெடிக்கலுக்குப் போனதும் நான்தான். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கியது. இருநூறு வருஷத்துக்கும் மேலாக வைத்தியம் பார்க்கிற ஓர் இடத்தின் பெயரை எங்கள் ஏரியாவில் இன்னும் வசவாகத்தான் சொல்கிறார்கள். அந்த வசவு எங்கள் வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்று பயந்தோம்.

மருந்து வேலை செய்தது. அதை மறைக்க மாட்டேன். ஒன்றரை மாதத்தில் அண்ணன் தூங்கினார், குரல்கள் குறைந்தன, வேலைக்குத் திரும்பினார். அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார். கலக்கிக் கொடுப்பது தப்பு என்று யாராவது அன்று என்னிடம் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஐந்தாறு மாதம் கழித்து அவர் கை இறுக ஆரம்பித்தது. நடக்கும்போது கை ஆடாது. டேலி ஷீட்டில் அவருடைய எழுத்து சின்னதாகிக்கொண்டே வந்தது. எண்களை முத்து முத்தாகப் போடுகிற மனிதர், கடுகு மாதிரி எழுதினார். சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டார். "யாரோ என் கையைக் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருக்கு" என்று அண்ணன் எங்களிடம் சொன்னார். நோய் திரும்ப வருகிறது என்று நினைத்துக்கொண்டோம். கிளினிக்குக்குப் போன் செய்தோம். அளவைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினோம். கை இன்னும் இறுகியது.

அது மருந்தின் பக்கவிளைவு. இந்த வகை மருந்துகளில் தசை இறுகுவது, நடுக்கம், எழுத்து சிறுப்பது எல்லாம் வரும் என்று டாக்டர்களுக்குத் தெரியும். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரி செய்யலாம். ஆனால் அதற்கு யாராவது ஒருவர் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்திருக்க வேண்டும். 14 மாதத்தில் அந்த டாக்டர் அவரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எடை பார்க்கவில்லை, சர்க்கரை பார்க்கவில்லை. மருந்து சாப்பிடுவதே தெரியாத மனிதர் எந்த டாக்டரிடம் போய் "இந்த மருந்தால் எனக்கு இப்படி ஆகிறது" என்று சொல்ல முடியும்?

ஒருநாள் அரிசி டிரம்முக்குப் பின்னால் பாட்டிலை எடுத்துவிட்டார். கத்துவார், உடைப்பார் என்று நாங்கள் நடுங்கினோம். அவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். லேபிளைப் படித்தார். அம்மாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாப்பாட்டுல யாரோ கலக்குறாங்கன்னு சொன்னேனே. அப்போ நான் சொன்னது சரிதானே?"

அவருடைய பயம் நோயால் வந்த பயம், அதில் உண்மை இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னோம். அப்புறம் நாங்களே அதை உண்மையாக்கினோம். அன்றிலிருந்து ஒன்றரை வருஷம் அவர் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. கல்மண்டபம் பக்கம் ஒரு மெஸ், கடையில் டீ, பாக்கெட் பிரிக்காத பிஸ்கட். மருந்து நின்றது, குரல்கள் திரும்ப வந்தன. இந்தமுறை அவர் எங்கள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

பின்னால் இன்னொன்றும் தெரிந்தது. அந்த மருந்தோடு வரும் தாளில் தண்ணீர், காபி, ஆரஞ்சு ஜூஸ், கொழுப்பு குறைந்த பால் ஆகியவற்றில் கலக்கலாம், டீயிலும் கோலாவிலும் கலக்கக் கூடாது என்று இருக்குமாம். ஒரு மருந்தாளுநர் சொன்னார். 14 மாதம் அண்ணன் உடம்புக்குள் எவ்வளவு மருந்து போனது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

இப்படிச் செய்கிற வீடு எங்கள் வீடு மட்டும் இல்லை. வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று எனக்குத் தெரிந்தே பல வீடுகள் இருக்கின்றன. இட்லி மாவில், ரசத்தில், ஜூஸில். செய்கிறவர்கள் எல்லோரும் அம்மாக்கள், மனைவிகள். யாருமே கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தப் பெண்களை நான் குற்றம் சொல்ல வரவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு ஒரே அறை வீட்டில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நிற்கிறவளுக்கு வேறு வழி யாரும் காட்டவில்லை. வழி காட்ட வேண்டிய டாக்டர் சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்பினார் என்பதுதான் என் கோபம்.

"நோய் இருப்பதே தெரியாதவனிடம் எப்படிச் சம்மதம் வாங்குவது?" என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். பதில் எனக்கு ஓர் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் கிடைத்தது. தெருமுனை டீக்கடை மாஸ்டர்தான் அண்ணனைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து அங்கே கூட்டிப் போனார். அண்ணன் அப்போது நம்பியது அவரை ஒருவரைத்தான், ஏனென்றால் கண் முன்னால் டீ போடுகிறவர் அவர். அங்கே இருந்த இளம் டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்ச நேரம் வெளியே இருங்க, முதல்ல அவர்கிட்ட பேசறேன்" என்றார். ஆறு வருஷத்தில் அப்படிச் சொன்ன முதல் டாக்டர் அவர். அதுவரை எல்லோரும் "கூட வந்தது யாரு?" என்று கேட்டு என்னிடம்தான் பேசினார்கள், அண்ணன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்க.

உங்களுக்கு மனநோய் என்று அவர் ஆரம்பிக்கவே இல்லை. "எத்தனை நாளா தூங்கல?" என்று கேட்டாராம். தனக்கு நோய் இல்லை என்று இன்று வரை வாதாடக்கூடிய அண்ணன், தூக்கம் இல்லை என்பதை உடனே ஒப்புக்கொண்டார். கை இறுகிய கதையைச் சொன்னார். டாக்டர் கையை மடக்கிப் பார்த்தார். எந்த மருந்தால் என்ன ஆகும் என்று சொன்னார். மாதம் ஒரு ஊசி போடலாம், அல்லது தினம் ராத்திரி ஒரு மாத்திரை, எது வேண்டும் என்று கேட்டார். அண்ணன் ஊசி வேண்டாம் என்றார். மாத்திரை எழுதினார்கள். கை இறுகினால் அடுத்த ஓ.பி. வரை காத்திருக்காமல் வரச் சொன்னார்கள்.

முதல் மாதத்தில் பாதி நாள் அவர் மாத்திரை போடவில்லை. அதையும் போய் டாக்டரிடம் அவரே சொன்னார். திட்டு விழவில்லை.

நம்ம சென்னைக்கே இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கியபோது, ஏழைகளை, நெரிசலான வீடுகளில் இருப்பவர்களை நம்பி மாத்திரையைக் கொடுத்தனுப்ப முடியுமா, சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்க வைக்கும் மருத்துவமனையில் வைத்துத்தானே பார்க்க வேண்டும் என்பதுதான் அன்றைய கேள்வி. ஒரு பாதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் மறுபாதியை வீட்டிலும் வைத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஈடாகக் குணமாகியிருந்தார்கள். உலகம் முழுக்க வைத்திய முறை மாறியது. எங்கள் தெருவிலேயே டிபி மாத்திரை சாப்பிட்டுத் தேறியவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கும் தெரியாமல் ரசத்தில் யாரும் கலக்கவில்லை. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் 1957-லிருந்து குடும்பத்தில் ஒருவர் நோயாளியோடு தங்குகிறார். குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு, நோயாளியை ஏமாற்றாமல் வைத்தியம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2017-ல் வந்து 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், நலமாக இருக்கும்போதே "எனக்கு மறுபடி முடியாமல் போனால் இப்படிப் பாருங்கள், இப்படிச் செய்யாதீர்கள்" என்று எழுதி வைக்க ஐந்தாவது பிரிவு உரிமை தருகிறது. தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நோயாளியே நியமிக்கலாம், அது பதினான்காவது பிரிவு. முடிவெடுக்கும் நிலையிலேயே அவர் இல்லை, ஆபத்து என்றால், அந்தப் பிரதிநிதி கேட்டு, ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ ஒருவரும் தனித்தனியாகப் பார்த்து, 30 நாள் வரை சேர்த்து வைத்தியம் செய்ய வழி இருக்கிறது. அவசரம் என்றால் எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். அன்றைக்குக் கண்ணாடி உடைந்த ராத்திரியில் இதில் ஒன்றாவது எங்களுக்குத் தெரிந்திருந்தால்! 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரில்தான் வந்தது. இப்போது இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற யாராவது இப்போது கலந்து கொடுத்துக்கொண்டிருந்தால், நாளைக் காலையே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும். டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், எப்படி வெளிப்படையாக மாற்றுவது என்று கேளுங்கள். "தெரியாமலே குடுங்க" என்று அவர் சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

டாக்டர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஓ.பி. வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும், அதில் நின்றவள்தான். ஆனாலும் முதல் கேள்வியை நோயாளியிடம் கேளுங்கள். அரசிடம் கேட்பது, வடசென்னையில் ஒவ்வொரு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் சமூகப் பணியாளர்கள் போதுமான அளவுக்கு வேண்டும். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்தார். அம்மாவை அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வைத்தது அவர்தான். அண்ணனை எழுத வைத்ததும் அவர்தான்.

ஒரு முழுத் தாளில் அண்ணன் எழுதினார். இரண்டு ராத்திரி தொடர்ந்து தூங்காவிட்டால் தங்கச்சி என்னைக் கேட்கலாம். மூன்றாம் நாள் டாக்டரிடம் கூட்டிப் போகலாம். போலீஸைக் கூப்பிடுவதற்கு முன் டீக்கடை மாஸ்டரைக் கூப்பிடவும். கையைக் காலைக் கட்டக் கூடாது. சாப்பாட்டில் எதையும் கலக்கக் கூடாது. பிரதிநிதி என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். அதை மனநல மறுஆய்வு வாரியத்தில் முறைப்படி பதிவு செய்ய வேண்டும், அதற்கான வேலை நடக்கிறது.

அவர் திருத்திய மூன்றாவது இடத்தைச் சொல்கிறேன். இந்தப் பதிவை, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, அண்ணன் வீட்டில் சாப்பிடுகிறார் என்று முடித்திருந்தேன். "சாப்பிடுறேன், சரி. டீயைப் பத்தி எழுதலையே" என்றார்.

டீ மட்டும் இன்னும் கடையில்தான். அம்மா தினமும் காலை ஐந்தரைக்கு மூன்று தம்ளர் வைக்கிறார்.