தலைக்கு மேல் தொங்கும் பின்கதவும் பட்டறைகளின் அலட்சியமும்

பழைய எஸ்யூவியின் பின்கதவு தானாக இறங்குகிறது என்று கோலாலம்பூரில் எந்தப் பட்டறையில் போய்ச் சொன்னாலும், முழுதாகக் கேட்பதற்கு முன்பே அவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது: "ஒரு கட்டைய வச்சு முட்டுக் கொடுங்கக்கா, போதும்." ஜாலான் ஈப்போவிலும் இதைத்தான் சொன்னார்கள், செகாம்புட்டிலும் இதைத்தான் சொன்னார்கள். பிரேக் தேய்ந்துவிட்டது என்றால் உடனே சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிற அதே மனிதர்கள், இரும்பும் கண்ணாடியுமாக அத்தனை கனமுள்ள ஒரு கதவு மனிதத் தலைக்கு நேர் மேலே பிடிமானமின்றி நிற்கிறது என்பதை, வானொலி பாடவில்லை என்ற புகாரைப் போல ஒதுக்கித் தள்ளுகிறார்கள். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் வீட்டில் சமைத்து, விசேஷ வீடுகளுக்கும் கோயில்களுக்கும் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில் செய்கிறேன். செந்தூலிலிருந்து பத்துமலைவரை நான் போகாத மண்டபம் குறைவு. சாம்பார் அண்டாவை வண்டியின் பின்பக்கத்திலிருந்து இறக்க வேண்டுமானால், இடுப்புவரை உள்ளே குனிந்து, இரண்டு கைகளாலும் அதன் காதுகளைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் கழுத்தும் முதுகும் முழுவதுமாகக் கதவுக்கு அடியில்தான் இருக்கும். கட்டையை முட்டுக் கொடுக்கச் சொல்பவர்கள், அந்தக் கட்டையை முழங்கையால் தட்டிவிடாமல் அண்டாவை இறக்கிக் காட்டட்டும்.

அந்தக் கதவைத் தாங்குவது இருபுறமும் உள்ள இரண்டு அப்சோர்பர்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் ஓர் உருளை, ஒரு தண்டு, தண்டு வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர் சீல், உள்ளே நெருக்கி அடைக்கப்பட்ட நைட்ரஜன், அதோடு கொஞ்சம் எண்ணெய். இந்தப் பொருளை அற்பமாக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு 500 நியூட்டன் விசையைத் தர வேண்டுமானால், உள்ளே ஏறத்தாழ 100 பார் அழுத்தம் இருக்க வேண்டும். நம் வண்டிச் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்று 2 பாரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அத்தனை அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் காப்பது அந்தச் சின்ன ரப்பர் வளையம். அது காய்ந்து தேயத் தேய வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், கதவு ஒரு நாளும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு விழாது.

இந்த நாட்டு வெயில் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். அடைத்து வைத்த வாயு சூடானால் அழுத்தம் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். வெயிலில் நின்று 60 பாகை செல்சியஸுக்குச் சூடான அப்சோர்பரில், விடியற்காலை 24 பாகையில் இருப்பதைவிட ஏறக்குறைய 12 விழுக்காடு கூடுதல் அழுத்தம் இருக்கும். தேய்ந்துபோன அப்சோர்பருக்கு அந்த 12 விழுக்காடுதான் நிற்பதற்கும் விழுவதற்கும் உள்ள வித்தியாசம். ஆகவே நண்பகலில் பட்டறை வாசலில் கதவு ஜம்மென்று நிற்கிறது, "நல்லாத்தானேக்கா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், அடை மழை பெய்து ஓய்ந்த மாலையிலோ பொழுது விடியாத கோயில் வாசலிலோ அதே கதவு இறங்குகிறது. காலையில் விழுகிறது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதை, வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணின் வீண் பயமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட ஒரு விடியற்காலையில் அது என் அத்தையின் தோளில் விழுந்தது. எலும்பு முறியவில்லை என்றாலும், அவரால் பல வாரங்களுக்கு இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. கடவுள் புண்ணியத்தில் தலையில் விழவில்லை என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். கடவுள் புண்ணியத்தை நம்பிப் பட்டறை நடத்தக் கூடாது என்பதுதான் என் கோபம்.

சரி, மாற்றிவிடுவோம் என்று இறங்கினால், அடுத்த கொடுமை அங்கே தொடங்குகிறது. ஒரிஜினல் ஜோடிக்கு 640 ரிங்கிட், அதுவும் கைவசம் இல்லை, சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில், ஜப்பானிலிருந்து வெட்டி இறக்கிய வண்டியின் அப்சோர்பரைக் கையால் அமுக்கிக் காட்டி, "இன்னும் கல்லு மாதிரி இருக்கு" என்றார்கள். என் வண்டிக்கு எத்தனை வயதோ அத்தனை வயதுதான் அந்த ரப்பருக்கும். அதைக் காசு கொடுத்து வாங்குவது எப்படி மாற்றுவதாகும்? மூன்றாவதாக ஓர் உதிரிபாகக் கடையில் புதியது கிடைத்தது. அதன் உருளையில் நியூட்டன் அளவும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை, பாக எண்ணும் இல்லை. எத்தனை நியூட்டன் என்று கேட்டதற்கு, "எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர்.

ஒன்றே அல்ல. விசை குறைந்தால் கதவு விழும். விசை மிகுந்தால், பூட்டைத் திறந்த உடனே கதவு தாடையை நோக்கிப் பாயும், மூடும்போது ஆள் தொங்க வேண்டியிருக்கும், பிணைப்பும் தகடும் நாளடைவில் வளையும். நீளம் கூடினால் கதவு முழுதாக மூடாது, அல்லது மூடும் அழுத்தத்தில் தகடு நெளியும். வண்டி தயாரித்தவர்கள் கதவின் எடையையும் பிணைப்பின் இடத்தையும் கணக்கிட்டுத்தான் அந்த நியூட்டன் அளவை உருளையில் அச்சிட்டு வைக்கிறார்கள். அதைப் படிக்காமல் விற்பவருக்கு, சர்க்கரை நோயாளிக்கும் இரத்த அழுத்தக்காரருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுக்கும் மருந்துக் கடைக்காரருக்கு உள்ள அதே பொறுப்பின்மைதான் இருக்கிறது.

பொருத்திய விதத்தையும் சொல்லியாக வேண்டும். உண்மையில் இது பத்து நிமிட வேலை. கதவை உறுதியாக ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சிறிய ஸ்குரூடிரைவரால் முனையில் உள்ள கிளிப்பை நெம்பி, குண்டு முனையிலிருந்து பழையதைக் கழற்றிப் புதியதை அழுத்திப் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறு பக்கத்தைத் தொட வேண்டும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். என் வண்டியில் அந்தப் புதியதைப் பூட்டிய பட்டறை ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, "மத்தது நல்லாருக்கு" என்று இரண்டுக்கும் சேர்த்துக் கூலி வாங்கியது. கதவு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக நின்றது. புதிதாகப் போட்டதையும் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். கதவு மூடியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருந்தால்தான் உள்ளே உள்ள எண்ணெய் வழிந்து வந்து சீலை நனைத்து வைத்திருக்கும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து, வாயு விரைவில் கசியும். அதோடு, இடுக்கியால் தண்டையே பிடித்துத் திருகியதில் பளபளப்பான அதன் மேற்பரப்பில் கீறல் விழுந்திருந்தது. கீறல் விழுந்த தண்டு ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் சீலை அறுக்கிறது. சில மாதங்களிலேயே கதவு பழையபடி இறங்கத் தொடங்கியது. கேட்கப் போனேன். சாமானுக்கு உத்தரவாதம் இல்லை என்று பதில் வந்தது.

இது சின்ன விஷயம் என்று இன்னமும் சொல்பவர்கள் 2015ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், பின்கதவைத் தாங்கும் வாயு அப்சோர்பர்கள் முன்கூட்டியே தேய்ந்து கதவு திடீரென்று ஆட்கள்மேல் விழக்கூடும் என்பதற்காக, ஏறத்தாழ 780,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவை ஷெவ்ரலே டிராவர்ஸ், பியூக் என்க்லேவ் போன்ற பெரிய குடும்ப வண்டிகள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்ததாக அப்போது அறிவிக்கப்பட்டது. வண்டி செய்தவர்களே பாதுகாப்புக் குறை என்று ஒப்புக்கொண்ட ஒன்றைத்தான் இங்கே கட்டை வைத்துச் சமாளிக்கச் சொல்கிறார்கள்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காலத்துக்கு உதிரிபாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டிய கடமையைத் தன் 37ஆம் பிரிவில் தயாரிப்பாளர்மீதும் விற்பவர்மீதும் சுமத்துகிறது. சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்பதை 53ஆம் பிரிவு சொல்கிறது. ரசீதின் அடியில் உத்தரவாதம் இல்லை என்று அச்சடித்துவிட்டதால் அந்தக் கடமை கரைந்துபோகாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட்வரை கோரலாம், மனு செய்ய 5 ரிங்கிட் கட்டணம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, 3 ஆண்டுகளுக்குள் மனு செய்தால் போதும். நம்மவர்களில் எத்தனையோ பேர் "போனால் போகட்டும்" என்று விட்டுவிடுவதால்தான் இந்தக் கடைகள் இவ்வளவு துணிச்சலாக நடந்துகொள்கின்றன.

நான் விடப்போவதில்லை. ஒரிஜினல் ஜோடி வந்து, தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி என் கண் முன்னே பூட்டப்பட்டுவிட்டது, விடியற்காலைக் குளிரிலும் கதவு நிற்கிறது. அந்தப் பட்டறையின் ரசீது, எண் அச்சிடாத அந்த அப்சோர்பர், கீறல் விழுந்த தண்டின் படங்கள் எல்லாம் ஓர் உறையில் இருக்கின்றன. கொடுத்த கூலியையும் சாமான் காசையும் சேர்த்துத் திருப்பித் தரும்படி அவர்களுக்கு எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். இந்த மாத இறுதிக்குள் பணம் வராவிட்டால் அந்த உறை தீர்ப்பாயத்துக்குப் போகும்.