டயர் எழுத்து கழன்றால் பசையை ஏசாதீங்க

இங்க போட்டிருந்த அந்த டொயோட்டா அக்வா காரின் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. டயர்ல ஒட்டின வெள்ளை எழுத்து பாதி கழன்று தொங்குது. கீழே கருத்துப் போட்டவங்க எல்லாம் "எழுத்தே குப்பை, எங்கட வெயிலுக்குச் சரிவராது" என்று முடிவே கட்டிட்டாங்க. நான் காரணம் சொன்னதுக்கு "பெரிய எஞ்சினியர் வந்திட்டார்" என்று பதில். உண்மையிலேயே மனசு நொந்துபோச்சு.

பிழை பசையில இல்ல, துடைப்பில. டயர்ல வெடிப்பு விழாம இருக்க ரப்பருக்குள்ளயே மெழுகும் ஓசோன் தடுப்பு இரசாயனமும் கலக்கிறாங்க. அது மெல்ல மெல்ல மேலே கசிஞ்சுகொண்டே இருக்கும். டயர் பழுப்பாகிறது அதாலதான். அதுக்கு மேல சேர்விஸ் ஸ்டேஷன்ல மினுக்கத்துக்கு அடிக்கிற டயர் ஷைன், அது பெரும்பாலும் சிலிக்கோன். அப்படியே பசை பூசினா அது ரப்பரைப் பிடிக்காது, அந்தப் படையைத்தான் பிடிக்கும்.

சவர்க்காரத் தண்ணி மட்டும் போதாது. கழுவிக் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கிற ரப்பர் மயிர்களைப் பிளேட்டால சீவி, 120 நம்பர் சாண்ட் பேப்பரால மினுக்கம் போகும்வரை மெதுவா உரசுங்க. பிறகு வெள்ளைத் துணியில அசிட்டோன் தொட்டுத் துடைங்க. துணியை மடிச்சு மடிச்சு, ஒவ்வொரு தடவையும் புதுப் பக்கத்தால. நெயில் பொலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில எண்ணெய் சேர்ந்திருக்கலாம். கடைசியா கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க: முத்து முத்தா உருண்டா சிலிக்கோன் இன்னும் இருக்கு. பரவி நின்றா சரி. அந்த ஈரமும் முழுசாக் காயணும். எழுத்தின் பின்பக்கத்தையும் துடைக்கணும், அதைத்தான் நிறையப் பேர் மறந்திடறாங்க.

"சுப்பர் குளூ போட்டும் கழன்றதே?" சரி, இதில மட்டும் பசைக்கும் பங்கிருக்கு. சாதாரண சுப்பர் குளூ காய்ந்தா கண்ணாடி மாதிரி; டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளையும்போது நொறுங்கும். ரப்பருக்கென்று வாற, வளைஞ்சு கொடுக்கிற வகை வாங்குங்க. ஓரத்திலிருந்து 2 மில்லிமீற்றர் உள்ளே மெல்லிய கோடு, அரை நிமிஷம் அமத்திப் பிடிக்கணும். காற்றின் ஈரத்திலதான் இந்தப் பசை இறுகும், கொழும்பில சட்டென்று இறுகிடும். அதால எழுத்தெழுத்தாப் பூசுங்க. 24 மணித்தியாலம் தண்ணி படக்கூடாது. ஆனா துடைக்காத டயர்ல எந்தப் பசையும் நிற்காது, திரும்பவும் சொல்றேன்.

"பெயின்ட் பேனையால அடிச்சா முடிஞ்சுதே" என்கிறவங்க அடிங்க. டயரோட வளையாத பெயின்ட் வெடிச்சு உதிரும்.

என்னைக் கொதிக்க வைச்சது எழுத்து ஒட்டுற ஒரு கடையின் வீடியோ. டயர்ல புடைச்சிருக்கிற கம்பனிப் பெயர் எழுத்து ஒட்டத் தடுக்குதாம், கிரைண்டர் வைச்சுப் பக்கச்சுவரைச் சீவுறாங்க. அதுக்கும் நூற்றுக்கணக்கில லைக்! பக்கச்சுவர்ல ரப்பர் மெல்லிசு. அடியில இருக்கிற நூல்தான் காற்றின் அழுத்தத்தைத் தாங்குது. 175/65 ஆர் 15 அளவு டயர்ல பக்கச்சுவர் 114 மில்லிமீற்றர் உயரம். 25 மில்லிமீற்றர் எழுத்துக்கு வெறுமையான இடம் தேட ஏலாதா? கிடைக்காட்டி ஒட்டாமலே விடுங்க. அழகுக்கு ஒட்டுற ஒரு சொல்லுக்காக, தெற்கு அதிவேக வீதியில மணிக்கு 100 கிலோமீற்றர்ல ஓடுற டயரையா சீவுறது? உள்ளே பிள்ளைகளும் இருப்பாங்களே!

அந்த டயர் உங்களோடதா இருந்தா, தயவுசெய்து இண்டைக்கே சீவின இடத்தைப் பாருங்க. நூல் தெரிஞ்சாலோ, ஒரு இடம் புடைச்சிருந்தாலோ கொழும்பில வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தை வரைக்கும்கூட அதில ஓடாதீங்க. ஸ்பெயார் வீலைப் போட்டுட்டுப் போங்க. பக்கச்சுவருக்கு ஒட்டுப்போட ஏலாது, டயரைத்தான் மாற்றணும்.