ஃபீல்ட்ஸுக்கே முழுப் பருவம் தந்திருக்க வேண்டும்
2025 பருவத்திலும், அமெரிக்கக் கால்பந்து அணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் வீரராக) ரஸ்ஸல் வில்சனே தொடர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டுரையாளரின் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. 2024 பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களில் நான்கை வென்று தந்த ஜஸ்டின் ஃபீல்ட்ஸை மாற்று வீரராக அமர்த்திவிட்டு, 36 வயதை நெருங்கிய வில்சனைக் களமிறக்கிய அணி, தொடக்கத்தில் நன்றாக ஆடினாலும், பால்டிமோருக்கு எதிரான பிளேஆஃப் (பருவ இறுதி வெளியேற்றுச் சுற்று) ஆட்டத்தையும் சேர்த்துக் கடைசி ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. பந்தை எறிய ஃபீல்ட்ஸ் சற்றுத் தாமதிக்கிறார் என்பது உண்மைதான். ஆனால் தன்னைக் காக்கும் தடுப்பு வரிசை உடையும்போது தானே பந்துடன் ஓடி, யார்டுகளைச் சேர்த்து அணியை முன்னேற்றும் அவரது திறன் இந்த அணிக்கு மிகவும் தேவைப்பட்டது. 2022இல் அணியின் நீண்டகால குவார்ட்டர்பேக் பென் ராத்லிஸ்பெர்கர் ஓய்வு பெற்ற பின், புதிய வீரர்களுக்கான தேர்வின் முதல் சுற்றில் தேர்ந்தெடுத்த கென்னி பிக்கெட்டையும் இரண்டே பருவங்களில் அனுப்பிவிட்ட நிர்வாகம், ஃபீல்ட்ஸ் என்ற இந்த இளைஞரிடமாவது பொறுமை காட்டியிருக்க வேண்டும்.